பழுக்காத சுண்டு விரல்

பெங்களூரு விமான நிலையத்தில் என் தெர்மாகோல் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஐஸ் பைகளுக்கு நடுவில் இருபத்து நாலு மருதாணிக் கோன்கள். அதிகாரி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ கேட்டார். பின்னால் நின்ற பெண் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். இந்தியாவில் கிடைக்காத பொருளா இது என்று கேட்கிறாராம். கிடைக்கும், ஆனால் நான் கலந்தது கிடைக்காது என்று சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாளோ இல்லையோ, விட்டுவிட்டார்கள்.

நான் கிள்ளானில் இருபது வருடமாக மணப்பெண்களுக்கு மருதாணி போட்டுப் பிழைப்பவள். பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவேரிப்பட்டினம். கட்டிக்கொடுத்தது மலேசியாவுக்கு. என் தங்கை மணியைக் கட்டிக்கொடுத்தது ஓசூர் பக்கத்து உத்தனப்பள்ளிக்கு. அவள் மகள் காவ்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். "பெரிம்மா கையாலதான் வெச்சுக்குவேன்" என்று அந்தப் பெண் போனில் அடம்பிடித்ததால், கடையைச் சாத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினேன்.

ஓசூர் பஸ்ஸில் சன்னல் சீட்டு. தை மாதக் காலைக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு ஏறியவள், பதினொரு மணிக்குப் போர்வையைச் சுருட்டி வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தேன். அத்திப்பள்ளி நெருங்கும்போது வண்டி நின்றது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்டதாம். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கன்னடத்தில் ஒரு நீண்ட பிரசங்கம் செய்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் அதை ஒரே வரியில் தமிழாக்கினார்: "ஒரு மணி நேரம் ஆவும்னு சொல்றாருங்க."

ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உண்மையான இலைப்பொடியில் கலந்த மருதாணி பால் மாதிரி. குளிரில் இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும். வெயில் பட்டால் பார்க்க அப்படியேதான் இருக்கும், சாயம் மட்டும் செத்துப்போயிருக்கும். ஐஸ் உருகிவிட்டதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்து ஒரு கோனை வெளியே எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பரவாயில்லை, கல்லாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து வண்டி குலுங்கிக் கிளம்பியது. பெட்டியை அவசரமாக மூடினேன். கையிலிருந்த கோனைக் கைப்பையில் போட்டேன். போட்டது அடியோடு மறந்துபோனது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மணியின் வீட்டுக்காரர் பைக்கோடு நின்றார். பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் போனோம். ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. சன்னலோரம் தூங்கி விழும் பெண் பிள்ளைகள். எங்கள் கிள்ளானிலும் பாக்டரி பஸ் உண்டு, அதில் தூங்குகிறவர்கள் நேபாளத்துக்காரர்கள். இங்கே தூங்குவது தர்மபுரியும் தூத்துக்குடியும்.

மணி வீட்டு ஃப்ரிட்ஜ் கல்யாணச் சமயம் பார்த்துப் பழுதாகியிருந்தது. கோன் பெட்டி இரண்டு வீடு தள்ளி, பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்குப் போனது. எனக்கு ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் வந்தன. களியைக் குழம்பில் தொட்டு மெல்லாமல் விழுங்க வேண்டும். முப்பது வருடத்தில் அந்த வித்தை மறந்து, மெல்லத் தொடங்கி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மணியின் கேலிக்கு ஆளானேன்.

புதன்கிழமை மத்தியானம் காவ்யாவுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவள் ஓசூரில் கார்களுக்கான ஒயர் சாமான் செய்யும் கம்பெனியில் இரண்டு வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறாள். பர்மனென்ட் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டதாம். நாளைக் காலை பத்து மணிக்கு ஆதார் அட்டையோடு வந்து கைரேகை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

வீடே குதித்தது. ஏனென்றால் சம்பந்தம் பேசும்போதே பேசிய பேச்சு ஒன்று இருந்தது. பர்மனென்ட் ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம், ஆகாவிட்டால் நின்றுவிட வேண்டும். காவ்யா அதற்குத் தலையாட்டியிருந்தாளே தவிர, நிற்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. "எனக்கு லைன்ல நிக்கத்தான் புடிக்குது பெரிம்மா. ஊட்டுல நின்னா கிறுக்கு புடிச்சிரும்" என்று என்னிடம் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தாள்.

குதித்து முடித்த பிறகுதான் காவ்யா தன் கைகளைப் பார்த்தாள். "ஐயோ, மருதாணி வெச்சா மெஷின்ல ரேகை விழாதே" என்றாள். போன வருடம் அவளுடைய தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது.

சாயங்காலம் மருதாணி வைப்பதற்காக மாப்பிள்ளையின் அம்மா லட்சுமம்மா பாகலூரிலிருந்து வந்து சேர்ந்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஒல்லியான உடம்பு, கட்டையான குரல். தன் வீட்டுச் செடியில் பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்த விழுதை ஒரு டிபன் பாக்ஸில் கொண்டுவந்திருந்தார். என் கோனைப் பார்த்து, "இது மெஹந்தி. நான் கொண்டாந்தது கோரிண்டாக்கு" என்றார். தெலுங்கில் மருதாணிக்கு அதுதான் பெயர். செடி ஒன்றுதான் அம்மா என்றேன். அவர் டிபன் பாக்ஸை என் கோன்களிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்.

மணி நயமாக ஆரம்பித்தாள். "நாளைக்கு ஆபீஸ் போயிட்டு வந்து சாயந்தரம் வெச்சுக்கலாமுங்களா? நாளைக்கு அமாவாசை, நல்ல நாளு."

லட்சுமம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அமாவாசை உங்களுக்கு நல்ல நாளு. எங்க ஜனத்துல அன்னிக்குக் கல்யாணப் பொண்ணு கையில எதுவும் வெக்க மாட்டோம்."

ஒரே தெருவில் பால் வாங்குகிற ஜனங்களுக்கு ஒரே அமாவாசை இரண்டு விதமாக விடிகிறது. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளலாம் என்றால் அதற்கு நான் ஒப்பவில்லை. மருதாணி சுரண்டி எடுத்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், இரண்டு நாள் ஊறித்தான் கருஞ்சிவப்பாகும். வெள்ளி இரவு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு அரைவேக்காடு. ஆக, புதன்தான்.

சரி, விரல் நுனிகளை மட்டும் விட்டுவிடலாமே என்றேன். லட்சுமம்மா எழுந்தே விட்டார்.

"விரலுக்குத் தொப்பி இல்லாம கோரிண்டாக்கா? பத்துக்கும் வெக்கணும். வெறும் நுனியோட எங்க ஊட்டுக்கு வந்தா, அந்த விரல் அளவுக்கு ஊட்டுல குறை வெக்கும்."

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் பக்கம் மலாய்க்காரர்கள் மருதாணியை இனாய் என்பார்கள். அவர்கள் பெண்ணுக்கு விரல் நுனியில்தான் முதலில் வைக்கிறார்கள். நானும் கடைக்கு வரும் பெண்களிடம் வாய் கூசாமல் அளந்துவிடுவேன்: "எவ்வளவு கறுக்குதோ அவ்வளவு ஆசையா இருப்பார்." கறுப்பது தைலத்தாலும் உடம்புச் சூட்டாலும் என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு என் கை எங்கள் தெருவிலேயே யாருக்கும் கறுக்காத அளவு கறுத்தது. எட்டாம் வருடம் அவர் வேறொருத்தியோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். அப்போது மருதாணி மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஒன்பது விரலுக்குத் தொப்பி. வலது கட்டை விரல் மட்டும் வெறுமையாக இருக்கும், அதற்கு வெள்ளிக்கிழமை லட்சுமம்மா தன் விழுதால் தொப்பி வைப்பார். கட்டை விரல் என்று முடிவு செய்ய எங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கைநாட்டு என்றால் கட்டை விரல்தானே. கம்பெனியில் யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

இடது உள்ளங்கை நடுவில் லட்சுமம்மா தன் விழுதால் வட்டமாக ஒரு நிலா வைத்தார். மற்றதெல்லாம் என் வேலை. நிலாவைச் சுற்றிக் கொடி, மணிக்கட்டில் இரண்டு மயில். கொடிக்குள் மாப்பிள்ளை பெயரை ஒளித்து வைப்பது வழக்கம். முதல் நாள் அவன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மாப்பிள்ளை நவீன் படித்தது கன்னடப் பள்ளியில். "கன்னடத்துல எழுதுங்க பெரிம்மா, இல்லாட்டி வருசம் பூரா தேடுவாரு" என்றாள் காவ்யா. அவள் போனில் காட்டிய எழுத்துகளை ஜிலேபி சுற்றுகிற மாதிரி சுற்றி வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று லட்சுமம்மாவிடம் காட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்றார், எந்த மொழியிலும்.

நாலு மணி நேரம் குனிந்திருந்தேன். கடைசியாக வலது கை சுண்டு விரல் ஒன்றுதான் பாக்கி. கோன் தீர்ந்துவிட்டது. புதியது எடுக்க இரண்டு வீடு தள்ளிப் போக வேண்டும். என் முதுகு இற்றுக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி துடைக்கக் கைப்பைக்குள் கைவிட்டபோது அந்தப் பஸ் கோன் தட்டுப்பட்டது. ஒன்றரை நாளாக வெளியே கிடந்தது, முதல் நாள் வழியெல்லாம் வெயில் வேறு வாங்கியிருந்தது. எனக்குத் தெரியும். ஒரு சுண்டு விரல்தானே என்று அதையே எடுத்துத் தொப்பி போட்டேன்.

கிளம்பும்போது லட்சுமம்மா தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு பாக்குவெட்டியை எடுத்துக் காவ்யாவிடம் கொடுத்தார். மருதாணி வாசத்துக்குக் காத்துக் கருப்பு அண்டுமாம். கல்யாணம் முடியும்வரை இரும்பு கூடவே இருக்க வேண்டும், தனியாக எல்லை தாண்டவும் கூடாது. "நாளைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நான் வந்து நிக்கறேன். கூட வருவேன்."

வியாழக்கிழமை காலை எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. காய்ந்த மருதாணியைச் சுரண்டி, தைலம் தடவி, நானும் காவ்யாவும் ஏழரை பஸ் பிடித்தோம். பஸ் ஸ்டாண்டில் சொன்னபடி லட்சுமம்மா நின்றார். வணக்கம்கூடச் சொல்லாமல் காவ்யாவின் இரண்டு கைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "பழுக்கல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தை மாதத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் என்ன பழுக்கும்? பிறகுதான் விளங்கியது. நாம் மருதாணி சிவந்தது என்கிறோம். தெலுங்கில் பழுத்தது என்பார்களாம். எட்டு விரல் நுனியும் நல்ல ஆரஞ்சில் இருந்தன. வலது சுண்டு விரல் மட்டும் மஞ்சள் தொட்டுக் கழுவின மாதிரி வெளிறிக் கிடந்தது.

"மத்த எந்த விரலா இருந்தாலும் சரி. இது என் மவன் புடிக்கற விரல்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாலி கட்டியதும் மாப்பிள்ளை பெண்ணின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டுதான் அக்கினியைச் சுற்றுவான். அந்த விரலில்தான் நான் செத்த மருதாணியை வைத்திருக்கிறேன். உடம்புச் சூடு எல்லா விரலிலும் ஒன்றுபோல் இருக்காது என்று ஏதோ உளறினேன். இருபது வருட அனுபவம் அவ்வளவுதான் கைகொடுத்தது. காவ்யா அந்த விரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் காவ்யாவைச் சோதித்த கருவி கீச்சென்று கத்தியது. காவலாளிப் பெண் அவள் பையிலிருந்து பாக்குவெட்டியை உருவினாள். "கல்யாணப் பொண்ணா? என்னோடதும் இங்கதான் புடுங்கினாங்க. எனக்கு அருவாமனை" என்று சொல்லி, டோக்கன் போட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். லட்சுமம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எங்களோடு வாசலை ஒட்டிய பார்வையாளர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

மேசையில் ஒரு சின்ன மெஷினோடு இருந்த பெண்ணுக்குத் தெற்கத்திப் பேச்சு. காவ்யாவின் கைகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள். "என்னம்மா, இன்னைக்குப் பாத்து இப்படி வச்சிட்டு வந்திருக்கீய?"

"கட்டை வெரல விட்டுட்டோம் மேடம்" என்று காவ்யா பெருமையாக நீட்டினாள்.

வைத்தாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் பூசி வைக்கச் சொன்னாள் மேசைப் பெண். அதற்கும் சிவப்பு. அந்தப் பெண் காவ்யாவின் கட்டை விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எந்த லைனும்மா நீ?"

"கிளிப் அமுக்கற லைன் மேடம்."

"அதான் பாத்தேன். இதுல ரேகையே இல்லியே. அமுக்கி அமுக்கித் தேஞ்சு போச்சு. வேற எந்த வெரலுன்னாலும் சரி, பத்துல எது வேணாலும் வைக்கலாம்."

பத்தில் எது வேண்டுமானாலும். நாங்கள் பாதுகாத்து வைத்திருந்த ஒரே விரல்தான் பத்திலும் உதவாத விரல். இரண்டு வருடம் அவளுக்குச் சோறு போட்ட விரல் அது. அதனாலேயே தேய்ந்திருந்தது. இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஆள்காட்டி விரல் வைத்தாள், விழவில்லை. நடு விரலும் விழவில்லை. இடது கைக்கு மாறினாள். அதுவும் அப்படியே.

"இன்னைக்கு மத்தியானம் லிஸ்ட் போயிரும்" என்றாள் அந்தப் பெண், வருத்தமாகத்தான். "விழலைன்னா அடுத்த பேட்ச்சுதான். அது எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

காவ்யா அழத் தொடங்கினாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை, மருதாணியில் ஈரம் படக்கூடாது என்று. எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. கோன் கொண்டுவந்தது நான், நாள் தள்ள விடாதது நான். நான் லட்சுமம்மாவைப் பார்த்தேன். அவர் பேசாமல் இருந்தாலே போதும், மருமகள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டோடு இருப்பாள். பேசிய பேச்சு அதுதான். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் எழுந்து மேசையருகே போனார்.

"ரேஷன் கடையில எனக்கும் கட்டை விரல் விழாதும்மா. களை புடுங்கித் தேஞ்சது. அழுதுக்குனு நின்னா அரிசி போட மாட்டாங்க. ஒவ்வொண்ணா வெச்சுப் பாக்கணும்." காவ்யாவின் வலது கையைப் பிடித்து, மடங்கிக் கிடந்த சுண்டு விரலைப் பிரித்து எடுத்தார். "இந்தப் பழுக்காத விரல வையி."

தன் முந்தானையால் விரலைத் துடைத்து அவரே மெஷினில் அமுக்கினார். முதல் தடவை சிவப்பு. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றாள் மேசைப் பெண். லட்சுமம்மா தன் விரலை அதன் மேல் வைத்து அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. அட்டையில் இருந்த பேரும் படமும் திரையில் வந்து நின்றன.

மேசைப் பெண் கைதட்டினாள். காவ்யா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். கைகளை மட்டும் அகல விரித்துக்கொண்டு கட்டினாள். லட்சுமம்மா, "சரி சரி, பாக்குவெட்டிய வாங்கு மொதல்ல" என்றார்.

வெளியே வந்து மூவரும் தட்டு இட்லி சாப்பிட்டோம். காவ்யாவுக்கு நான் ஊட்டிவிட்டேன். அந்தக் கோனைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சட்னி கேட்டு மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சொன்னபடியே லட்சுமம்மா டிபன் பாக்ஸோடு வந்து கட்டை விரலுக்குத் தொப்பி வைத்தார். சுண்டு விரலுக்கும் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் பங்குக்கு நல்ல கோன் ஒன்றையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். அவர் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டார். மிச்ச விழுதைத் தெருப் பெண் பிள்ளைகள் வழித்துக்கொண்டு ஓடினார்கள். மணப்பெண்ணின் மிச்சம் பூசினால் சீக்கிரம் கல்யாணம் ஆகுமாம். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்துச் செடிக்கு ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குள் கைகள் நான் நினைத்ததைவிடக் கறுத்துவிட்டன. வழக்கமாக இந்த நேரத்தில் கடை விளம்பரத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்வேன். அன்று மறந்துபோனது. தாலி கட்டி முடிந்து, நவீன் காவ்யாவின் வலது சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றக் கிளம்பினான். அத்தனை கறுப்புக்கும் நடுவில் அந்த ஒரு நுனி வெளிறித் துருத்திக்கொண்டு தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அதைக் கவனித்துத் தெலுங்கில் கிசுகிசுத்தார்கள். அர்த்தம் எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லை நான் மறக்க மாட்டேன். பழுக்கல.

முன் வரிசையில் இருந்த லட்சுமம்மா திரும்பிப் பார்த்தார். மேளச் சத்தத்துக்கு மேலே, எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார்:

"மத்த ஒம்பதும் பத்து நாள்ல போயிரும். அது பர்மனென்ட்டு."